மொட்டைமாடி மேசையில் முட்டை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஒரு குப்பைக் கூடையின் படம் வந்தது. பச்சைக் கூடை. வெங்காயச் சருகு, முருங்கைக்காய்ச் சக்கை, அவற்றுக்கு மேல் முட்டை ஓடுகள். கீழே சங்கச் செயலாளர் எழுதியிருந்தார்: ‘பொது நடையில் வைக்கும் கூடைகளில் அசைவக் கழிவு தெரியும்படி வைக்க வேண்டாம். பலருக்கு மனம் சங்கடப்படுகிறது.’ யார் வீட்டுக் கூடை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பிடி உடைந்து சணல் கயிறு கட்டிய கூடை இந்தக் கட்டடத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது.

படத்துக்குக் கீழே கட்டைவிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அதுவரை எனக்கு எரிச்சல்தான். எதிர்வீட்டு அக்காவின் கட்டைவிரலைப் பார்த்த பிறகுதான் கோபம் வந்தது. ஏனென்றால் அந்த ஓடுகளில் பாதி அவர் தின்ற முட்டைகளின் ஓடு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். நான் பிறந்து வளர்ந்தது புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் நெட்டுக்குப்பத்துக்காரர், மீனவர் வீட்டுப் பிள்ளை, யார்டில் கிரேன் ஓட்டுகிறார். லோன் போட்டு இந்த வீட்டை வாங்க வந்தபோதே, “நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” என்று ஒருவர் கேட்டார். வாடகைக்கு இல்லை, வாங்குகிறோம் என்றதும் கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டார். விழுங்கியதெல்லாம் செரித்துவிடுவதில்லை.

எதிர்வீட்டு அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவர். அவர் கணவர்தான் சங்கச் செயலாளர், அந்தப் படத்தைப் போட்ட புண்ணியவான். வீடு சுத்த சைவம். அக்காவுக்கு உடம்பில் ரத்தம் இல்லை என்று டாக்டர் முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறார். வீட்டில் வாய் திறக்க முடியாது. ஒருநாள் என் சமையலறை வாசலில் வந்து நின்று, “ஒரு உதவி பண்ணுவியாம்மா?” என்றார். முகத்தைப் பார்த்து நான் ஏதோ பெரிய விபரீதம் என்று பயந்துவிட்டேன்.

அக்காவின் கணவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமை காலையில் சார் பெருமாள் கோயிலுக்குப் போவார். அவர் லிப்டில் இறங்கியதும் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாளை அவரே போடுவார். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்கருவை மட்டும் மாத்திரை மாதிரி விழுங்கினார். பிறகு அந்த மருந்துக்கு மிளகுத்தூள் தேவைப்பட்டது. பிறகு வெங்காயம் தேவைப்பட்டது. ஒரு சனிக்கிழமை, “உங்க வீட்டுக்காரர் ஏதோ குன்னின்னு போட்டு சாப்பிடுவாரே, அதையும்தான் கொஞ்சம் போட்டுப் பாரேன்” என்றார். சென்னாகுன்னியைத்தான் கேட்டார். நகக்கண் அளவுகூட இல்லாத குட்டி இறாலைக் காயவைத்தது அது. வறுத்தால் வாசனை மூன்று மாடிக்குப் போகும். வறுத்துப் போட்டேன். தட்டை வழித்துவிட்டு, ஏலக்காய் மென்று, கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இந்தக் கட்டடத்தில் என் வீட்டில் கை நனைத்த ஒரே ஆள் அவர். மற்றவர்களெல்லாம் வாசலோடு சரி. தண்ணீர் கொடுத்தால்கூட, “இப்பதான் குடிச்சேன்” என்பார்கள். இத்தனை மனிதர்களுக்கு எப்படித்தான் இப்போதுதான் தாகம் தீர்ந்திருக்குமோ.

கட்டைவிரல் போட்ட வாரமும் அக்கா வந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன்.

“படத்துக்கு லைக் போட்டிருந்தீங்களேக்கா.”

“எல்லாரும் போட்டாங்கம்மா. நான் மட்டும் போடலைன்னா அவர் கேப்பாரு இல்ல?” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பாதி முட்டையை எடுத்தார்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நிமிடத்தில்தான் எனக்குள் அது முடிவானது.

“அக்கா, சித்திரை ஒண்ணாந் தேதி மொட்டைமாடி விருந்துக்கு நான் இதைத்தான் செஞ்சி எடுத்துட்டு வரப்போறேன்.”

அவருக்குப் புரை ஏறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

“விளையாடாதே” என்றார்.

“விளையாடல. நீங்க எனக்காக யார்கிட்டயும் பேச வேணாம். எல்லாரும் இருக்கும்போது ஒண்ணு எடுத்துத் தின்னுங்க. எனக்கு அது போதும்.”

அவர் எழுந்து கை கழுவினார். அன்றைக்கு ஏலக்காய் மெல்ல மறந்துபோய்க் கிளம்பிவிட்டார். அங்கே அவர் தொடவில்லை என்றால் சனிக்கிழமை உறவு அத்தோடு சரி என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். தாழ்ப்பாள் போட்டுத் தின்கிற சிநேகிதம் எனக்கு இனிமேல் வேண்டாம். அவரை இழந்தால் இந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருவரும் இல்லை என்பதும் தெரிந்துதான் முடிவு கட்டினேன்.

சித்திரை முதல் நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் எல்லோரும் கூடுவது எங்கள் கட்டடத்து வழக்கம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். வழக்கம்போல குழுவில் அறிவிப்பு வந்தது: ‘சுத்த சைவம் மட்டும். முட்டை கலந்த கேக் கூட வேண்டாம்.’

அந்த நாள் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. எங்களுக்கு அதோடு இன்னொன்றும் உண்டு. நாட்டுக்கே சட்டம் எழுதியவர் பிறந்த நாள். புளியந்தோப்பில் காலையிலேயே சிலைக்கு மாலை விழும். நீலக்கொடி கட்டிய பைக்குகள் வரிசையாகப் போகும். தெருவில் பிரியாணி அண்டா ஏறும். ஹவுசிங் போர்டில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிரியாணிக்கு முன்னால் கொறிக்க ஒரு தட்டு கீழே இறங்கும். எங்கள் வீட்டுத் தட்டு எப்போதும் அடைத்த முட்டைதான். கல்யாணமாகி நெட்டுக்குப்பத்து ஆள் வந்த பிறகு அதில் சென்னாகுன்னியும் சேர்ந்துகொண்டது. இப்படிப்பட்ட நாளில், காலையில் அங்கே மாலை போட்டுவிட்டு சாயங்காலம் இங்கே வந்து எலுமிச்சை சாதம் கிண்டி நல்ல பெண்ணாக நின்றிருக்கிறேன், போன வருஷம் வரை.

இந்த வருஷம் முட்டையைச் சில நாள் முன்னாலேயே வாங்கி வைத்தேன். அன்று போட்ட முட்டை உரிபடாது, ஓட்டோடு சதையும் பிய்ந்து வரும். உப்புப் போட்ட தண்ணீரில் வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டு உரித்து, நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்தேன். மஞ்சள் கருவைத் தனியே எடுத்து மசித்தேன். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி எல்லாம் பொடிப் பொடியாக நறுக்கி வதக்கியது, எண்ணெயில் பொரித்து நொறுக்கிய கறிவேப்பிலை, மிளகு, எலுமிச்சைச் சாறு.

அடுப்பங்கரைக்குள் வந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் சென்னாகுன்னி டப்பாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“த பாரு, முட்டைய எத்துகினு போறது உன் இஸ்டம். இத்த மட்டும் வூட்லயே வுட்டுடு. முட்டைன்னா கூட கேக்குல போற சாமான்தானேன்னு பூடும். இத்த வறுத்தின்னா போலீசு கூட வந்துரும்.”

“நெட்டுக்குப்பத்துல பொறந்துட்டு நீயே இப்டி சொன்னா இன்னா அர்த்தம்?”

“டெய்லி லிப்ட்ல அந்த ஆள் மூஞ்சில முழிக்கிறவன் நானு. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று ஒரு நிமிடம் தோன்றியது. சென்னாகுன்னி இல்லாமலே கலந்து ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு. யாருக்கும் சங்கடம் வராதபடி, யார் மனசும் கோணாதபடி, ஒரு ருசியும் இல்லாத முட்டை. போன வருஷத்து எலுமிச்சை சாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

சென்னாகுன்னியைச் சல்லடையில் போட்டு மணல் போகச் சலித்து, வெறும் வாணலியில் நிதானமாக வறுத்தேன். ஜன்னலை மூடவில்லை, நன்றாகவே திறந்து வைத்தேன். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் சில நாள் இரவெல்லாம் கேஸ் வாடை தொண்டையைப் பிடிக்கும். அன்றைக்கெல்லாம் குழுவில் ஒருவருக்கும் மனம் சங்கடப்படுவதில்லை. அதைச் சகிக்கிற மூக்குகள் இதையும் கொஞ்சம் சகிக்கட்டும்.

வறுத்ததைக் கரகரப்பாக நுணுக்கி மஞ்சள் கருவில் கலந்து, வெள்ளைக் கருவின் குழியில் குவித்து அடைத்தேன். அடைத்த முகத்தைத் தோசைக்கல்லில் கவிழ்த்து, மேலே ஒரு பொருக்குப் பிடிக்கும் வரை விட்டேன். தட்டில் உருளாமல் உட்கார அடியில் முட்டைக்கோஸை நறுக்கிப் பரப்பினேன். பெயரிலேயே முட்டையை வைத்திருக்கும் அதை எந்தச் சங்கமும் இன்னும் விலக்கி வைக்கவில்லை.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி தட்டுக்கு முன்னால் நிறுத்தினேன்: ‘முட்டை. சென்னாகுன்னி போட்டது. வேண்டாதவர் தொட வேண்டாம்.’ யாரையும் ஏமாற்றித் தின்ன வைப்பது என் நோக்கமில்லை. ஒளிக்காமல் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொட்டைமாடியில் வெயில் இறங்கிக் கடல் காற்று ஆரம்பித்திருந்தது. நீளமான மேசையில் வடை, மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், சேமியா எல்லாம் வந்துவிட்டன. கீழ்வீட்டு பாய், வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வருஷா வருஷம் போலத் தர்பூசணி வெட்டி எடுத்து வந்திருந்தார். அக்கா பாயசத்தை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சேமியாவைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணி என் தட்டை வைத்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். டம்ளர் வழிந்து பாயசம் மேசையில் ஓடியது.

பேச்சு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. சார் வந்தார். தாளைப் படித்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை.

“என்னம்மா இது? நல்ல நாளும் அதுவுமா.”

“நல்ல நாளுன்னுதான் சார் செஞ்சேன்.”

“குரூப்ல போட்டிருந்தோமே, பாக்கலையா?”

“பாத்தேன். யாரைக் கேட்டுப் போட்டீங்கன்னுதான் தெரியல. எங்களை யாரும் கேக்கல.”

“உங்க வீட்டுக்குள்ள நீங்க எது வேணா சாப்பிடுங்க, யாரு கேக்கப்போறா? இது எல்லாருக்கும் பொதுவான இடம்” என்றபடி பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்து என் தட்டின் மேல் போர்த்தினார். பிணத்துக்குத் துணி போர்த்துவது போல.

அலுவலகத்திலும் சங்கக் கூட்டத்திலும் நான் பேசுகிற தமிழ் ஒன்று இருக்கிறது. இஸ்திரி போட்டது. அதைக் கழற்றி வைத்தேன்.

“இன்னா சார் பொது? பொதுன்னா அதுல நாங்க இல்லியா? மெயின்டனன்ஸ் வாங்க சொல்லோ நாங்க பொது, துன்ன சொல்லோ வேற ஆளா? வூட்டுக்குள்ள துன்னுங்கன்றீங்க. வூட்டுக்குள்ள துன்னதுக்குத்தான கூடைய போட்டோ புட்ச்சி போட்டீங்க?” பேப்பரை எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். “உங்களுக்கு இன்னிக்கு வருசப் பொறப்பு. எங்களுக்கு இன்னிக்கு இன்னா நாளுன்னு உங்களுக்கு நல்லா தெரியும் சார். அவரு பொறந்த நாளுக்கு இந்தத் தட்டு எங்க தெருவுல மேசை மேலதான் இருக்கும். இங்கியும் மேசை மேலதான் இருக்கும்.”

அவர் முகம் சிவந்தது. கோபத்தில் மனிதர் ஒரு வார்த்தையை விட்டார்.

“ரெண்டே பேர் இருக்கிற வீட்ல அவ்வளவு முட்டை எதுக்குன்னே புரியல.”

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மிச்சம் யார் வயிற்றுக்குள் போனது என்று ஒரு வரி சொன்னால் போதும், சாருடைய சங்கம், சைவம், செய்தித்தாள் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அக்காவைப் பார்த்தேன். பாயசக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல. அந்தத் தலையாட்டல் எனக்கு வலித்தது. நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்துவிட்டார் அல்லவா?

“எங்க வூட்டுக்கு விருந்தாளி வருவாங்க சார்” என்றேன்.

ஒரு முட்டையை எடுத்து எல்லோருக்கும் எதிரில் நின்று தின்றேன். என் வீட்டுக்காரர், பேஜாரு வேண்டாம் என்ற அதே ஆள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்றை வாயில் போட்டு, “குன்னி செமையா கீது” என்றார், தண்ணீர்த் தொட்டி வரை கேட்கும்படி. அடுத்து பாய் வந்தார்.

“சென்னாகுன்னியா? நாங்க இங்க வந்ததுலேர்ந்து தர்பூசணியே கொண்டாந்து பழகிட்டோம்மா” என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். அவர் எடுத்த பிறகு, இதுவரை என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத இரண்டு பேர் கூச்சத்தோடு வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கறி வேகும் என்பது வாசனையிலேயே எனக்குத் தெரியும். மற்றவர்கள் சேமியாவையும் தூக்கிக்கொண்டு மேசையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். போகட்டும். எழுதித்தானே வைத்திருக்கிறேன்.

தட்டில் மூன்றோ நாலோ மிச்சம் இருந்தபோது அக்கா பாயச டம்ளரோடு என்னிடம் வந்தார். அதை என் கையில் கொடுக்கிற சாக்கில் குனிந்து, “எனக்கு ரெண்டு எடுத்து வை. நாளைக்கு சனிக்கிழமைதானே, வந்து சாப்பிட்டுக்கிறேன்” என்றார்.

அத்தனை நேரம் சாரிடம் வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. கோபமும் கூடவே வந்தது.

“எடுத்து வைக்கறதில்லைக்கா. வேணும்னா இங்கயே எடுத்துக்கோங்க. நாளைக்கு வராதீங்க.”

“இனிமேலுமா?” என்று கேட்டார்.

“இனிமேலும்தான்.”

“அவர் அப்படிக் கேட்டாரே, அப்ப நீ ஏன் என்னைச் சொல்லல?”

“அத்த நான் சொல்லக் கூடாதுக்கா.”

அக்கா திரும்பி, மேசையின் அந்தக் கோடியில் சேமியா பரிமாறிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். அக்கா போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பாயச டம்ளரை மேசையில் வைத்தார். ஒரு காகிதத் தட்டை எடுத்தார். அதில் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு, அங்கேயே விளக்குக்கு நேராக நின்று கடித்தார். மூக்கைப் பிடிக்கவில்லை. சார் திரும்பிப் பார்த்தார். அவரைச் சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

“என்ன அது கையில?” என்றார் சார்.

அக்கா அவசரப்படவில்லை. நிதானமாக மென்று விழுங்கினார். பதிலை அவருக்குச் சொல்லாமல், எல்லோர் காதிலும் விழும்படி என்னிடம் சொன்னார்.

“போன சனிக்கிழமை உங்க வீட்ல சாப்பிட்டதுல காரம் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சும்மா. இதுல மிளகு பத்தல.”

சார் கையிலிருந்த கரண்டி சேமியாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அக்கா படத்துக்குக் கட்டைவிரல் போட்டதை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. ஆனால் இன்னொரு முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.